கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம்: ஸ்கேனும் ஆயுர்வேதமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் ஒரு மகப்பேறு புறநோயாளிப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். டாக்டர் அறைக்குள் போய்க் கேட்க வேண்டிய கேள்வி பாதிக்கு மேல் வெளியே, எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில்தான் கேட்கப்படும். இந்த ஊருக்குப் பாலக்காடு பக்கம் என்பதால் ஆயுர்வேதம் வீட்டுக்கு வீடு உண்டு. சித்த மருந்தும் உண்டு. ஒரு கையில் ஸ்கேன் ஃபைல், இன்னொரு கையில் கஷாய பாட்டில் என்று வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். டாக்டரைப் பார்ப்பதற்கு இது மாற்று இல்லை. போவதற்கு முன் படித்துவிட்டுப் போங்கள்.

கிட்டுல ரெண்டு கோடு வந்துருச்சு. உடனே ஸ்கேன் எடுத்துரணுமுங்களா?

அன்றைக்கே ஓட வேண்டாம். கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து வாரத்தை எண்ணுங்கள், கரு உருவான நாளிலிருந்து இல்லை. அந்தக் கணக்கில் 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஸ்கேன் எடுத்தால் போதும். 5 வாரத்தில் எடுத்தால் பெரும்பாலும் ஒரு சின்னப் பை மட்டும் தெரியும், இதயத் துடிப்பு தெரியாது, அப்புறம் ஒரு வாரம் தூக்கம் போகும்.

இந்த ஸ்கேனில் முக்கியமாகப் பார்ப்பது கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, ஒன்றா இரண்டா, துடிப்பு இருக்கிறதா, வயது கணக்கோடு ஒத்துப்போகிறதா என்பதை. நாடி பார்த்துக் கர்ப்பம் என்று சொல்கிற வைத்தியர்கள் உண்டு, சொல்லட்டும். கரு குழாயில் நிற்கிறதா பையில் நிற்கிறதா என்பதை நாடியில் பார்க்க முடியாது. வயிற்று வலியோ ரத்தக்கசிவோ இருந்தால் மட்டும் வாரக்கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே வாருங்கள்.

ஸ்கேன் கதிர் கொழந்தைக்கு ஆகாதுன்னு அத்தை சொல்றாங்க. அடிக்கடி எடுக்கலாமா?

அது எக்ஸ்ரே இல்லை. காதுக்குக் கேட்காத ஒலி அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் வரைகிற மெஷின். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் குழு இதை மகப்பேறு மருத்துவத்துக்குக் கொண்டுவந்து எழுதியது 1958-ல். அதற்கப்புறம் இரண்டு மூன்று தலைமுறை இதைப் பார்த்துத்தான் பிறந்திருக்கிறது. சாதாரண ஸ்கேனால் கருவுக்குக் கெடுதல் என்று உறுதியாக எதுவும் வரவில்லை.

அதற்காக அத்தை சொல்வதை முழுசாகத் தள்ளவும் முடியாது. ஒலி அலை கொஞ்சம் சூடு உண்டாக்கும், துடிப்பைச் சத்தமாகக் கேட்க வைக்கிற டாப்ளர் என்கிற முறையில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதனால்தான் முதல் மூன்று மாதத்தில் காரணமில்லாமல் டாப்ளர் போடுவதில்லை. "துடிப்புச் சத்தத்தை இன்னொரு தடவை போடுங்க சிஸ்டர், வீடியோ எடுத்துக்கறேன்" என்று கேட்காதீர்கள். முதல் மூன்று மாதத்தில் சிக்கல் இல்லாதவர்களுக்கு 6–8 வாரத்தில் ஒன்று, 11–14 வாரத்துக்கு நடுவில் ஒன்று, அவ்வளவுதான். ஆசைக்கு எடுக்கிற ஸ்கேன் வேண்டாம், பயத்துக்குத் தள்ளிப்போடுகிற ஸ்கேனும் வேண்டாம்.

உள்ள கருவி விட்டுப் பாக்கறாங்களே, அதுல கரு கலைஞ்சிராதா?

கலையாது. அந்தக் கருவி பிறப்புறுப்புப் பாதையில்தான் நிற்கும், கர்ப்பப்பை வாயைத் தாண்டி உள்ளே போகாது. 6, 7 வாரத்தில் வயிற்றின் மேலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது என்பதால்தான் அப்படி எடுக்கிறார்கள். எடுத்த மறுநாள் ஒருவருக்கு ரத்தக்கசிவு வந்தால் அந்தப் பழி கருவிமேல் விழும்; அநேகமாக, கசிவு வரலாம் என்ற சந்தேகத்தில்தான் அந்த ஸ்கேனே எடுத்திருப்பார்கள். சங்கடமாக இருந்தால் பெண் டாக்டர் வேண்டும் என்று முன்பே சொல்லலாம், வலித்தால் நிறுத்தச் சொல்லலாம்.

ஆயுர்வேதத்துல மொத மூணு மாசத்துக்கு உண்மையிலயே என்னதான் சொல்லியிருக்கு?

நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் கொஞ்சம். சரக சம்ஹிதையின் சாரீரஸ்தானத்தில் மாதாமாதம் கர்ப்பிணி என்ன சாப்பிடலாம் என்று ஒரு வரிசை இருக்கிறது. முதல் மாதம் மருந்து எதுவும் சேர்க்காத, ஆறிய பால், அளவாக. இரண்டாம் மாதம் இனிப்புச் சுவையுள்ள மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய பால். மூன்றாம் மாதம் பாலோடு தேனும் நெய்யும். நான்காம் மாதம் பாலிலிருந்து எடுத்த வெண்ணெய். கூடவே பிடித்த, செரிக்கிற சாப்பாடு. அதே இடத்தில்தான், கர்ப்பிணியை விளிம்புவரை எண்ணெய் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிப்போகிற மாதிரி அசங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் வருகிறது. கடுமையான மருந்து, உடம்பை வருத்துகிற வேலை, பட்டினி, அதிர்ச்சி எல்லாம் விலக்க வேண்டியவை.

பழைய நூலே முதல் மூன்று மாதத்தில் மருந்தைக் குறைத்து ஆகாரத்தை முன்னால் வைக்கிறது. இன்றைக்கு மகப்பேறு மருத்துவர் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்: தேவையில்லாத மருந்து எதுவும் வேண்டாம். வீட்டில் நடக்கிற சண்டை அளவுக்கு இரண்டு மருத்துவத்துக்கும் நடுவில் சண்டை இல்லை. பிரச்சினை எங்கே என்றால், 'கர்ப்ப ரட்சை' என்று பெயர் போட்டு பாட்டிலில் விற்கிற எல்லாமே அந்த நூலில் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கஷ்டப்பட்டுக் குடிக்க வேண்டாம், வாந்திதான் கூடும். சர்க்கரை உள்ளவர்கள் தேன் நெய் வரிசையை டாக்டரிடம் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்குப் பதிலா கீரை, லேகியம் போதாதா?

போதாது. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்குமான குழாய், கரு உருவாகி 28 நாளுக்குள், அதாவது நம் எண்ணிக்கையில் ஏறக்குறைய 6 வாரத்திலேயே மூடிவிடும். கீரையில் ஃபோலேட் உண்டு, ஆனால் கொதிக்க வைத்து வடிக்கும்போது நிறையவே போய்விடும். 1991-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே இந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு ஒரு குழந்தை பெற்றவர்களுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்தபோது அது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. எந்த லேகியத்துக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

பொதுவாக 400 மைக்ரோகிராம், முடிந்தால் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே, 12 வாரம் வரை. முந்தைய குழந்தைக்குக் குறை, சர்க்கரை நோய், வலிப்பு மாத்திரை இருந்தால் டாக்டர் அளவைக் கூட்டுவார். கீரையும் சாப்பிடுங்கள், அது வேறு கணக்கு.

கொழந்தை நிக்கறதுக்குன்னு ஆயுர்வேதத்துல பாத்துட்டிருந்தேன், இப்ப நின்னுருச்சு. அதே மருந்தைத் தொடரலாமா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான், கேட்காமல் விட்டுவிடுகிறவர்களும் அதிகம். கரு நிற்பதற்குக் கொடுத்த மருந்து, நின்ற கருவைக் காப்பதற்கான மருந்து இல்லை. நீர்க்கட்டிக்கும் மாதவிடாய் ஒழுங்காக வருவதற்கும் கொடுப்பதில் சிலது மாதவிடாயைத் தூண்டுகிற வகை. குமார்யாசவம் அதற்கு நல்ல உதாரணம். கோடு வந்த அன்றைக்கே அந்த வைத்தியரைக் கூப்பிட்டு "எதை நிறுத்தணும்" என்று கேளுங்கள். பி.ஏ.எம்.எஸ். (ஆயுர்வேதப் பட்டம்), பி.எஸ்.எம்.எஸ். (சித்த மருத்துவப் பட்டம்) படித்த மருத்துவர் யாராக இருந்தாலும் முதலில் பட்டியலைக் குறைப்பார். ஒன்றையும் மாற்றாமல் "தொடருங்க" என்று சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

அப்புறம் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து லேபிளைப் படியுங்கள். ஆசவம், அரிஷ்டம் என்று முடிந்தால் அது புளிக்க வைத்த மருந்து, தானாக உண்டான ஆல்கஹால் அதில் இருக்கும்; எத்தனை சதவீதம் வரை என்று பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள். தசமூலாரிஷ்டம் வீட்டில் இருந்தால் அது பிள்ளை பெற்ற பிறகு கொடுப்பது, இப்போது எடுக்க வேண்டாம். மாத்திரை, அல்லது உலோகத்தைப் புடம்போட்டுச் செய்கிற பஸ்மம், செந்தூரம் என்றால், மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவும் என்ற எச்சரிக்கை வரி இருக்கிறதா பாருங்கள். இந்திய மருந்துச் சட்ட விதிகளில் அட்டவணை இ-1 என்று ஒரு நச்சுப்பொருள் பட்டியல் உண்டு, பாதரசம், பாஷாணம், சேராங்கொட்டை எல்லாம் அதில் வரும். அதில் உள்ள பொருள் சேர்ந்த மருந்துக்கு அந்த வரி கட்டாயம். என்ன வேடிக்கை என்றால், விதிப்படி அந்த வரி ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தால் போதும், அதனால் நம் ஆட்களில் நிறையப் பேர் அதைப் படிப்பதே இல்லை. உற்பத்தி உரிமம் எண்ணும் தொகுதி எண்ணும் இல்லாமல் வெறும் டப்பாவில் வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஏற்கெனவே ஒரு மாசம் அதைச் சாப்பிட்டுட்டேனே, கொழந்தைக்கு என்னாகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பயந்துபோய் மருந்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பாட்டிலோடு டாக்டரிடம் வாருங்கள். உலோகம் சேர்ந்தது என்று சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாம். இது கற்பனைப் பயம் இல்லை: 2011–12-ல் நியூயார்க் நகரத்தில், இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்ட 6 கர்ப்பிணிகளுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. ரத்தத்தில் தெரியவந்ததால்தான் நிறுத்த முடிந்தது. ஸ்கேனில் ஈயம் தெரியாது, அதனால் "ஸ்கேன் நார்மல், ஆக மருந்தும் நார்மல்" என்று முடிவு கட்ட வேண்டாம்.

மூலிகைதானுங்களே, அதுல என்ன பக்கவிளைவு வரப்போகுது?

கொடிவேலி வேரை, அதாவது சித்திரமூலத்தை, கருவைக் கலைப்பதற்கு நாட்டுப்புறத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதுவும் மூலிகைதான்.

முதல் மூன்று மாதத்தில் மருந்தாக எடுக்கக் கூடாதவை என்று நான் சொல்கிற பெயர்கள்: கொடிவேலி, சோற்றுக்கற்றாழை, அமுக்கரா, விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், நாள் தவறாமல் குடிக்கிற அதிமதுரக் கஷாயம். கடுக்காயைக் கர்ப்பிணி எடுக்கக் கூடாது என்று ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசமே சொல்கிறது. திரிபலாவில் ஒரு பங்கு கடுக்காய் என்பதை மறந்துவிடுகிறோம். உடம்பு இளைக்க ஆரம்பித்த திரிபலாப் பழக்கத்தைக் கர்ப்பத்திலும் தொடர்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

சமையலில் போடுகிற அளவு மஞ்சள், சீரகம், பெருங்காயம், வெந்தயம் பற்றிப் பயம் வேண்டாம். அதையே பொடியாக்கி ஸ்பூன் ஸ்பூனாக விழுங்கினால்தான் மருந்துக் கணக்கு. பப்பாளியில் பால் வடிகிற காயை விலக்குங்கள். குங்குமப்பூ பாலில் நாலு இழை போட்டால் தப்பில்லை, குழந்தை சிவப்பாகப் பிறக்காது, அவ்வளவுதான்.

வாந்தி தாங்க முடியல. இஞ்சிச் சாறே போதுமா, மாத்திரை வேணுமா?

லேசான குமட்டலுக்கு இஞ்சி நன்றாகவே கேட்கும், ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. நாளைக்கு ஒரு கிராம் சுக்குப் பொடி அளவு, பிரித்துப் பிரித்து. நெல் பொரிக் கஞ்சி ஆயுர்வேதக்காரர்கள் சொல்வது, வயிற்றில் தங்கும், நானும் சிபாரிசு செய்வேன். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றோடு சமையலறைக்குப் போகாதீர்கள்.

தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கரும்மஞ்சளாகக் கொஞ்சம்தான் போகிறது, எடை இறங்குகிறது என்றால் இஞ்சியோடு நிற்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். டாக்சிலமின், வைட்டமின் பி6 சேர்ந்த மாத்திரை கர்ப்பிணிகளுக்கென்றே நீண்ட காலமாகக் கொடுப்பது. வாந்தி அளவுக்கு மீறிப் போனால் இரட்டைக் கருவா, முத்துப்பிள்ளைக் கர்ப்பமா (கருவுக்குப் பதில் நஞ்சுக்கொடித் திசு கொத்துக்கொத்தாக வளர்வது) என்று ஸ்கேனில் பார்ப்பார்கள்.

தைராய்டு மாத்திரையை நிறுத்திட்டு கஷாயத்துக்கு மாறலாமா?

வேண்டவே வேண்டாம். முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, உங்களிடமிருந்து போவதுதான். கர்ப்பம் தெரிந்ததும் மாத்திரை அளவைப் பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டியிருக்கும். கஷாயம் எதுவாக இருந்தாலும் மாத்திரை போட்ட உடனே குடிக்காதீர்கள். இரும்பு, கால்சியம் எதையும் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அன்னபேதி செந்தூரம் சாப்பிட்டால் அதுவும் இரும்புதான் என்பதை நினைவில் வையுங்கள். வலிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எண்ணெய்க் குளியல், மசாஜ், பஞ்சகர்மா?

தலைக்கு எண்ணெய் வைத்து வெதுவெதுப்பாகக் குளிப்பது சரி. கால் கை பிடித்துவிடுவதும் சரி. வயிற்றில் அழுத்துவது, நீராவிப் பெட்டிக்குள் உட்காருவது கூடாது. பஞ்சகர்மாவில் வருகிற வமனம் (வாந்தி எடுக்க வைப்பது), விரேசனம் (பேதிக்குக் கொடுப்பது) மாதிரி கழிவு நீக்குகிற சிகிச்சைகளைக் கர்ப்பிணிக்குச் செய்யக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் சொந்த விதி.

லேசா ரத்தம் பட்டுது. பெட் ரெஸ்ட் எடுத்துட்டு, கரு தங்கறதுக்குக் கஷாயம் குடிச்சாப் போதாதா?

முதலில் ஸ்கேன், அப்புறம்தான் மற்றது. கசிவுக்குக் காரணம் பலது: ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், கரு நிற்காமல் போவதாகவும் இருக்கலாம், குழாயில் நிற்கிற கருவாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வெளியே தெரிவது அதே ஒரு சொட்டு ரத்தம்தான். குழாயில் நிற்கிற கருவைக் 'கரு தங்க' வைக்க முயல்வது உயிருக்கு ஆபத்து. ஒரு பக்கமாக வயிறு வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டி மயக்கம் வந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அதற்குத் தனி ஊசி தேவைப்படலாம்.

கரு பைக்குள் நன்றாக இருக்கிறது, துடிப்பும் இருக்கிறது என்று ஸ்கேன் சொன்ன பிறகு, மகப்பேறு டாக்டருக்குத் தெரிந்து, குறுந்தோட்டி பால் கஷாயம் மாதிரி மென்மையான ஒன்றை ஆயுர்வேத மருத்துவர் கொடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். முழு நாளும் படுத்தே கிடப்பதால் கரு தங்கும் என்பதற்குத்தான் ஆதாரமில்லை.

ஆறு வாரத்துல துடிப்பு இல்லைன்னுட்டாங்க. வைத்தியர் மருந்து குடுத்தாரு, ஒரு வாரத்துல துடிப்பு வந்துருச்சு. அப்ப மருந்துதானே வேலை செஞ்சது?

சந்தோஷம், ஆனால் மருந்து இல்லாமலும் வந்திருக்கும். கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்போது துடிப்பு தெரியவில்லை என்றால், அது இன்னும் நாள் ஆகவில்லை என்பதாகவே இருக்கலாம். 7 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வளர்ந்து துடிப்பு இல்லை, அல்லது பை 25 மில்லிமீட்டர் ஆகியும் உள்ளே கரு இல்லை என்றால்தான் நிற்கவில்லை என்று முடிவு சொல்ல வேண்டும். அதற்குக் குறைவென்றால் 7 முதல் 14 நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் அந்த அளவு எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு வருத்தம். இரண்டாவது ஸ்கேனிலும் துடிப்பு வராமல் போனால் "மருந்தை ஒழுங்காகக் குடிக்கல, பத்தியம் இருக்கல" என்று பழி அந்தப் பெண்மேல் வரும். ஆரம்பத்தில் கலைகிற கருக்களில் பாதியளவாவது குரோமோசோம் கோளாறு. எந்தப் பத்தியமும் அதைத் தடுத்திருக்காது.

டாக்டரம்மா திட்டுவாங்கன்னு ஆயுர்வேத மருந்தைப் பத்திச் சொல்லலைங்க...

சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மருத்துவமும் சேர்வதைவிட, ஒன்றிலிருந்து இன்னொன்றை மறைப்பதுதான் ஆபத்தாக முடிகிறது. நாட்டு மருந்துக் கடைப் பொடி, பாட்டி கொடுத்த சூரணம் உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வந்து மேஜைமேல் வையுங்கள். ஆயுர்வேத மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டும் மாத்திரைச் சீட்டும் கொண்டுபோங்கள். அவர் அதைப் பார்க்கவே மறுத்தால் அது நல்ல அறிகுறி இல்லை. அரசே தமிழ்நாட்டில் 'மகப்பேறு சஞ்சீவி' என்று கர்ப்பிணிகளுக்குச் சித்த மருந்துப் பெட்டகம் வைத்திருக்கும்போது நீங்கள் ஒளிக்க என்ன இருக்கிறது? இரண்டு பேரும் வேறு வேறு சொன்னால், நிறுத்தச் சொல்கிறவர் பேச்சைக் கேளுங்கள், தைராய்டு மாதிரி மேலே சொன்ன மாத்திரைகளைத் தவிர.

பையன் பொறக்கறதுக்கு ரெண்டாவது மாசத்துல ஒரு மருந்து இருக்குன்னு சொல்றாங்களே?

பழைய நூல்களில் பும்சவனம் என்ற பெயரில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஆணா பெண்ணா என்பது விந்தணு சேர்ந்த நொடியிலேயே முடிந்துபோன விஷயம். ஹரியானாவில் இப்படிப்பட்ட மருந்துகளைச் சாப்பிட்டவர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், அதற்கும் பிறவிக்குறை, குழந்தை இறந்து பிறப்பது ஆகியவற்றுக்கும் தொடர்பு தெரிந்தது. பையன் வேண்டும் என்று குடித்து, குறையோடு ஒரு குழந்தையைப் பெறுவது யாருக்கு?

ஸ்கேனில் பாலினம் கேட்பதும் சொல்வதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறை. அடையாள அட்டை வாங்கிப் படிவத்தில் கையெழுத்து கேட்பது அந்தச் சட்டத்துக்காகத்தான், உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை.

எப்படியும் இந்தக் கொழந்தையைப் பெத்துக்கத்தான் போறோம். அப்புறம் எதுக்கு என்.டி. ஸ்கேன்?

என்.டி. என்பது குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கடியில் இருக்கிற நீரின் அளவைப் பார்ப்பது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அது டவுன் சிண்ட்ரோமுக்கு (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வருவது) மட்டும் இல்லை. இரட்டை என்றால் இரண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடியா என்பது இப்போதுதான் தெளிவாகத் தெரியும், பெரிய உறுப்புக் குறைகள் சிலதும் தெரியும். 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரைதான் அந்தக் கழுத்து அளவு எடுக்க முடியும். ஆடி மாசம், அமாவாசை, மாமா ஊரில் இல்லை என்று தள்ளினால் அவ்வளவுதான். கூட எடுக்கிற ரத்தப் பரிசோதனையும் சேர்த்து இது ஒரு வாய்ப்புக் கணக்கு, முடிவு இல்லை. அதிகம் என்று வந்தாலும் குழந்தை நன்றாக இருக்கவே பெரும்பாலும் வாய்ப்பு.

அப்படியே, 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கும், பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள்.

என்.டி.ல அளவு கூட இருக்குன்னுட்டாங்க. ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டுட்டுத் திரும்பப் பாக்கலாம்னு வைத்தியர் சொல்றாரு. செய்யலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது 12 வாரம். ஒரு மண்டலம் 48 நாள், ஏறக்குறைய 7 வாரம். முடிக்கும்போது 19 வாரம் ஆகியிருக்கும். அந்தக் கழுத்து அளவு 14 வாரத்துக்கு மேல் யாருக்குமே மாறிவிடும், குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் "இப்ப சரியாயிருச்சு" என்று தோன்றும், தோன்றுவது மட்டும்தான். குரோமோசோமை எந்த மருந்தும், ஆங்கில மருந்தும் சேர்த்துத்தான், மாற்றாது.

காத்திருக்கிற அந்த 7 வாரத்தில் போவது உங்கள் நேரம். நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்ப்பது 11 முதல் 14 வாரத்துக்குள், பனிக்குட நீர்ப் பரிசோதனை 15 வாரத்துக்கு மேல். முழு முடிவு வர இரண்டு வாரம் போல ஆகும். 2021-ல் திருத்திய சட்டப்படி கருவைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தால் 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புதல், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வரை இரண்டு பேர், அதற்கு மேல் பெரிய குறை இருந்தால் மட்டும் மருத்துவக் குழு. பெற்றுக்கொள்வது என்று தீர்மானித்தாலும் இதயக் குறை இருக்கிறதா, எந்த மருத்துவமனையில் பிரசவம் என்றெல்லாம் பார்க்க நேரம் வேண்டும். இந்த வாரமே மரபணு ஆலோசகரையோ கரு மருத்துவ நிபுணரையோ பாருங்கள். மனசு தாங்குவதற்கு வைத்தியர் கொடுக்கிற பாலும் ஓய்வும் உதவும் என்றால் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தேதியை மட்டும் தள்ளாதீர்கள்.